வில்லோ, வாளோ

குருநகர்,
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜஸ்ரின் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அப்பாவும் சுகம்தான். நீங்கள் சுகமாக இருக்க எங்கள் கோயில் யாகப்பரை மன்றாடுகிறோம் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறா. எழுதிவிட்டேன்.

நீங்கள் மன்னார் மடத்துக்குப் போய் ஐந்து மாதமாகிறது. போன் இல்லாத இடத்துக்கு எப்படிக் கதைப்பது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாளும் இருந்துவிட்டேன். ஓ.எல். சோதனைக்குப் பிறகு பேனையால் ஒரு முழுப் பக்கம் எழுதுவது இதுதான் முதல்தரம். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கேம் விஷயம். கோபிக்கக் கூடாது.

போவதற்கு முதல்நாள் கேமில் இருந்த உங்களுடைய வாள்காரியை அழித்துவிட்டுப் போனீர்கள். ஏழு வருசம் வளர்த்த ஆள். கூட விளையாடுகிற ரீமில் ஒருவருக்கும் நீங்கள் சொல்லவில்லை. அடுத்த நாள் எங்கள் கப்டன் பிரகாஸ் அண்ணை கேமைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். "கொக்கா எங்கையடா?" என்று கேட்டார். மடத்துக்குப் போய்விட்டா என்றேன். "அது எனக்கும் தெரியும். வாள் எங்கை?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஐந்து பேரில் முன்னுக்கு நிற்க ஆளில்லை. வாளும் கேடயமுமாகக் கிட்ட நின்று அடி வாங்க ஒருவர் இல்லாவிட்டால், எட்ட நின்று வில் விடுகிற என்னை எதிரி நேரே வந்து வெட்டிவிட்டுப் போகிறான். காயத்துக்கு மருந்து போடுகிற சாருஜாவும், அதுதான் அந்த உரும்பிராய்ப் பிள்ளை, அப்படித்தான் சாகிறாள். ஜூன் கடைசியில் யாழ்ப்பாணத்தில் போட்டி வைக்கிறார்கள். என்னை வாளுக்கு மாறச் சொல்லிப் பிரகாஸ் அண்ணை ஒற்றைக் காலில் நிற்கிறார். மாறினால் புது ஆளை முதலாம் படியிலிருந்து வளர்க்க வேண்டும். எண்பதாம் படியில் நிற்கிற என் வில்லுக்காரன் சும்மா கிடப்பான்.

மாறவா, விடவா? உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்கத் தெரியவில்லை.

அன்புத் தம்பி,
ஜஸ்ரின்


மன்னார்,
26.01.2025

என் அன்புத் தம்பிக்கு,

இயேசுவின் சமாதானம் உன்னோடும் வீட்டில் எல்லாரோடும் இருப்பதாக. உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

நாங்கள் மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம். வருவதையும் போவதையும் எங்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் அற்புதராணி வாசித்துவிட்டுத்தான் தருவா. அதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுது. உன் கடிதத்தை என்னிடம் தரும்போது, "உம்முடைய தம்பி ஆரை வெட்டப் போறார்?" என்று கேட்டா. விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் ஆனது.

நான் நலம். காலையில் ஐந்து மணிக்குச் செபம், பிறகு பாலர் பாடசாலை, பின்னேரம் தோட்டம். கத்தரிக்கு வெள்ளைப் பூச்சி வந்துவிட்டது. சொல்லாமல் அழித்ததற்குப் பிரகாஸ் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வைத்துவிட்டு வந்தால் திரும்பித் தேடுவேன் என்று பயம். அதுதான் காரணம். அந்த விளையாட்டு எனக்கு முடிந்துபோனது, தம்பி. வில்லோ வாளோ, நீயே யோசித்துச் செய்.

அன்புடன் அக்கா,
நிரோஜினி

பி.கு.: மாறுவதானால் பெரிய வாளை எடுக்காதே. குட்டை வாளும் அகலக் கேடயமும் எடு. முதல் இருபது படிக்கும் ஒருவனையும் கொல்லப் பார்க்காதே, சாகாமல் நிற்கப் பழகு. முன்னுக்கு நிற்பவன் கொல்வதற்கு நிற்பதில்லை. எதிரி தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்வதுதான் அவன் வேலை. பின்னால் நிற்பவர்கள் கொல்வார்கள். ஓடுகிறவனைத் துரத்தாதே, துரத்தினால் உன் பின்னால் இடம் திறந்துவிடும். சாருஜாவிடமிருந்து பத்து அடிக்கு மேல் விலகாதே. இடம் முடிந்துவிட்டது.


குருநகர்,
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பின்குறிப்பே பாதிக் கடிதம் நீளம் இருந்தது. சிஸ்டர் அதையும் வாசித்தாவா?

அம்மாவின் முழங்கால் அப்படியேதான். எண்ணெய் போடுகிறா. போன் கடையில் எனக்குச் சம்பளம் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள்.

வாளுக்கு மாறிவிட்டேன். பதினாறாம் படி. அக்கா, இதை நீங்கள் எப்படி ஏழு வருசம் செய்தீர்கள்? எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. வில்லோடு நிற்கும்போது முழுக் களமும் படம் போலத் தெரியும். இப்போது என் முகத்துக்கு முன்னால் ஒரு பெரிய நெஞ்சும் கையும் மட்டும்தான். கேடயத்தைத் தூக்குவதற்குள் வெட்டு விழுந்துவிடுகிறது. எங்கள் வீட்டு இன்ரநெட் இணைப்பு மெதுவென்று உங்களுக்குத் தெரியும்தானே. வில்லுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கிட்டப் போனால் கொல்கிறது. நேற்று மட்டும் முப்பத்தொரு தரம் செத்தேன். "மச்சான், நீ கேடயம் பிடிக்கிறியோ, குடை பிடிக்கிறியோ?" என்று பிரகாஸ் அண்ணை கேட்கிறார்.

ஒன்று கேட்கிறேன். எனக்குப் பதினாலு வயதில் அந்தக் கொம்பியூட்டரை நீங்கள் வாங்கி வந்த அன்று, என் கையில் வில்லைக் கொடுத்தது நீங்கள்தான். "நீ பின்னுக்கு நில், நான் முன்னுக்கு நிக்கிறன்" என்றீர்கள். எனக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லை. கோபமாக எழுதவில்லை. இப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் அப்பாவும் நானும் கதைப்பது குறைவு. முன்பு அவர் எனக்குச் சொல்வதும் நான் அவருக்குச் சொல்வதும் உங்களிடம் வந்துதான் போகும். இப்போது அம்மாவிடம் போகிறது. அம்மா பாதியை மறந்துவிடுகிறா, அல்லது மறந்தமாதிரி இருக்கிறா.

அன்புத் தம்பி,
ஜஸ்ரின்


மன்னார்,
02.03.2025

என் அன்புத் தம்பிக்கு,

புதன்கிழமை விபூதித் திருநாள். தவக்காலம் முடியும்வரை எங்களுக்குக் கடிதம் இல்லை, எழுதவும் முடியாது, வந்தாலும் தரமாட்டார்கள். ஆகவே அவசரமாக இதை எழுதுகிறேன்.

முதலில் கேடயம். வாளைப் பார்க்காதே. எங்கள் இணைப்பில் திரையில் நீ காண்பது ஏற்கனவே நடந்து முடிந்தது. வாள் அசைந்த பிறகு தூக்கினால் பிந்திவிட்டாய். தோளைப் பார். தோள் பின்னுக்குப் போனால் வெட்டு வருகிறது, அப்போதே தூக்கு. நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருசம் எடுத்தது. உனக்கு இரண்டு கிழமை போதும்.

வில்லைப் பற்றி நீ கேட்டது சரி. நான் உன்னைக் கேட்கவில்லை. முதல் நாள் மூன்று தரம் செத்துவிட்டு நீ அழுதாய். அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. உன் நன்மைக்கு என்று நினைத்தேன். என் வசதிக்காகவும்தான் என்று இப்போது தெரிகிறது. நீ அழுதால் அப்பா அறைக்குள் வருவார்.

ஆனால் வில்லைக் குறைவாக நினைக்காதே. "அக்கா, இடது பக்கத்தாலை வாறான்" என்று நீ சொல்லாவிட்டால் நான் பாதி நாள் செத்திருப்பேன். களம் உனக்குத்தான் தெரியும். எட்ட நிற்பவனுக்கு ஒரு பயம்தான், யாராவது கிட்ட வந்துவிடுவார்கள் என்று. கிட்ட நிற்பவனுக்கும் ஒரு பயம்தான், பின்னால் நிற்பவர்கள் போய்விடுவார்கள் என்று.

இதை எழுதிவிட்டுக் கோடு போட்டு வெட்டப் பார்த்தேன். வெட்டினால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நான்தானே போனேன்.

உயிர்ப்புக்குப் பிறகு எழுதுகிறேன். அம்மாவை முழங்காலில் நின்று செபமாலை சொல்ல விடாதே. கதிரையில் இருந்து சொன்னாலும் மாதா கேட்பா.

அன்புடன் அக்கா,
நிரோஜினி


குருநகர்,
23.03.2025

அக்கா,

இது உங்களுக்கு ஏப்ரல் கடைசியில்தான் கிடைக்கும் என்று தெரியும். அம்மா கதவு நிலையில் விழுந்து நெற்றியில் இரண்டு தையல். பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்துவிட்டா.

தோள் வேலை செய்கிறது. முப்பத்தி நாலாம் படி.

ஜஸ்ரின்


மன்னார்,
27.04.2025

தம்பி ஜஸ்ரினுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள்.

உன் ஐந்து வரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இருபத்தெட்டு வருசமாக அம்மா அந்த வீட்டில் நடமாடுகிறா. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அந்தக் கதவு நிலையில் விழமாட்டா.

ஜூன் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வந்து பார்க்கலாம். நீ வா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர முடிந்தால் கூட்டிக்கொண்டு வா. கடிதத்தில் எழுத முடியாததை நேரே சொல்.

கேமைப் பற்றி இந்தமுறை ஒன்றும் எழுதவில்லை.

அக்கா,
நிரோஜினி


குருநகர்,
02.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுத் தனியே வந்து இரண்டு மணித்தியாலம் உங்களுக்கு முன்னால் இருந்துவிட்டு, கேக் சாப்பிட்டுவிட்டு, கத்தரித் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சொல்ல வந்த ஒன்றையும் சொல்லவில்லை. அந்த மண்டபம் முழுக்க ஆட்கள், பக்கத்துக் கதிரையில் யாரோ ஒருவருடைய மாமா. நீங்கள் இரண்டு தரம் கேட்டீர்கள். நான் இரண்டு தரமும் கேமில் என் படியைப் பற்றிச் சொன்னேன். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வரலாமா என்று யோசித்தேன். அதுக்கும் துணிவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன். சிஸ்டர் அற்புதராணி, நீங்களும் வாசியுங்கள். வணக்கம்.

மார்ச் பதினெட்டாம் திகதி அப்பா குடித்துவிட்டு வந்தார். என்னுடைய கொம்பியூட்டரை உடைக்கப் போகிறேன் என்று அறைக்கு வந்தார். அம்மா வாசலில் மறித்தா. அவர் தள்ளினார். அம்மாவின் நெற்றி கதவு நிலையில் அடிபட்டது. நான் எங்கே இருந்தேன்? நாலு அடி தூரத்தில். ஹெட்போன் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவனின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது அம்மா நிலத்தில்.

அப்பாதான் தூக்கிக்கொண்டு ஓடினார், ஓட்டோ பிடித்தார். ஆசுப்பத்திரி விறாந்தையில் நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "இனி ஆரிலையும் கை வைச்சால் நான் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன் அப்பா" என்றேன். அவர் என்னை அடிக்கவில்லை. "உவள் கொக்கா இருந்திருந்தால் இது நடந்திருக்காது" என்றார்.

இரண்டாவது விஷயம். ஜனவரியில் நான் முதல் கடிதம் எழுத இருந்ததே அப்பா சொல்லித்தான். உங்களை வீட்டுக்கு வரச் சொல்லி எழுது, கனிசியஸ் வீட்டுச் சம்பந்தம் இன்னும் நிற்கிறது, வந்தால் ஒன்றும் கேட்கமாட்டேன் என்றார். அதை எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுதினால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று பயமாக இருந்தது. வராமல் விடுவீர்கள் என்றும் பயமாக இருந்தது. அதனால் கேமைப் பற்றி எழுதினேன். ஒவ்வொரு மாதமும் "எழுதினனியோ?" என்று அம்மா மூலம் கேட்பார். ஓம் என்பேன்.

மூன்றாவது, நான் கேட்க வந்தது. உங்களுக்கு அங்கே சந்தோசமா? நேற்று நீங்கள் தோட்டத்தைக் காட்டினீர்கள், பிள்ளைகள் கீறின படங்களைக் காட்டினீர்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும்தான் உங்கள் குரல் பழைய குரலாக இருந்தது.

வரச் சொல்லி எழுதவில்லை. அப்பா சொன்னதைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அன்புத் தம்பி,
ஜஸ்ரின்


மன்னார்,
29.06.2025

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தந்துவிட்டுச் சிஸ்டர் அற்புதராணி என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி போட்டுத் தந்தா. "உம்முடைய கடிதங்களிலை செபத்தைப் பற்றி மூண்டு வரி, வாளைப் பற்றி ரெண்டு பக்கம். நான் ஜனவரியிலேயே கேட்டிருக்க வேணும்" என்றா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவ சிரித்துவிட்டா.

ஜூலையில் எங்களுக்குத் துறவின் அடுத்த படியாக வெள்ளை முக்காடு தருவார்கள். அதற்கு நாங்களே கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். நீ கேட்ட கேள்விதான் அந்தத் தாளிலும் நின்றது.

உண்மையைச் சொல்கிறேன். செபிக்க வந்தேன் என்று நினைத்தேன். களைப்பாற வந்திருக்கிறேன். அப்பாவுக்கும் உனக்கும் நடுவில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், கனிசியஸ் வீட்டாருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்று நின்று எனக்குக் கை சோர்ந்துபோனது. இங்கே முதல் மூன்று மாதமும் நித்திரைதான் கொண்டேன். ஒருவரும் கத்தாத ஒரு வீட்டை நான் அதுவரை கண்டதில்லை. அதைத்தான் தேவ அழைத்தல் என்று எண்ணிவிட்டேன். சிஸ்டரிடம் சொன்னேன். "களைச்சு வாறவைக்கும் இஞ்சை இடமிருக்கு. களைப்புத் தீர்ந்தாப் பிறகும் இருக்கிறீரோ எண்டுதான் கேட்க வேணும்" என்றா. தாளை எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வரமாட்டேன். வந்தால் அடுத்த நாளே பழைய இடத்தில் போய் நிற்பேன், நீ அறைக்குள் போய்விடுவாய், அப்பாவும் அப்படியே இருப்பார். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது. அதனால்தான் வரமாட்டேன். கனிசியசைக் கட்டவும் மாட்டேன். அந்த மனிதரில் ஒரு குறையும் இல்லை. எனக்கு விருப்பமில்லை.

இங்கே பங்குப் பாலர் பாடசாலையில் எனக்கு வேலை தருகிறார்கள். ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து, ஓய்வுபெற்ற செல்வரட்ணம் மாஸ்ரர் வீட்டில் ஓர் அறை. அவரும் மனைவியும் மட்டும்தான் இருக்கிறார்கள். விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அம்மா விரும்பினால் என்னோடு வந்து இருக்கலாம். எத்தனை நாள் என்றாலும். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

அப்பாவுக்கு யார் சொல்வது என்று நீ யோசிப்பாய். நான் எழுதலாம், அவர் கிழித்துவிடுவார். நீ சொல்லத்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முன்பு உன்னிடம் கேட்காமல் உன் இடத்தைத் தீர்மானித்தேன். இந்தமுறை நீயே பார்த்துச் செய்.

போட்டி எப்படி முடிந்தது? எழுது. இனி ஒருவரும் வாசித்துவிட்டுத் தரமாட்டார்கள். அது கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது.

அன்புடன் அக்கா,
நிரோஜினி


குருநகர்,
17.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் போட்டி. போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வாளைக் கீழே வைத்துவிட்டேன். அறுபத்திரண்டாம் படி வரை போனேன். மோசமில்லை, பிரகாஸ் அண்ணையே சொன்னார். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் பின்னால் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டு, யார் எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று சொல்வதுதான் எனக்குப் பிடிக்கிறது. பதினாலு வயதில் கேட்டிருந்தால் வாள் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது இருபத்தொன்றில் வில் என்கிறேன்.

வாளை எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாருஜா. என் ஆளையே எடுத்துக்கொண்டாள். "உங்களுக்கு மருந்து போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப்போச்சு, இனி நீங்கள் எனக்குப் போடுங்கோ" என்றாள். மருந்துக்குப் பிரகாஸ் அண்ணையே போய்விட்டார். அந்தப் பிள்ளை நீங்கள் நிற்பது மாதிரி நிற்பதில்லை. நீங்கள் அசையமாட்டீர்கள். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே பாய்கிறாள். மூன்று ஆட்டம் வென்றோம், நாலாவதில் திருகோணமலை ரீமிடம் தோற்றோம். பரவாயில்லை.

அப்பாவிடம் நானே சொன்னேன். யாகப்பர் திருநாள் முடிந்து இரண்டாம் நாள், இறங்குதுறையில் கிழிந்த நண்டு வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன்.

"அப்பா, அக்கா மடத்தாலை வெளியிலை வாறா. வீட்டை வரமாட்டா. மன்னாரிலை படிப்பிக்கப் போறா."

தலையை நிமிர்த்தவில்லை. "ஆர் சொன்னது?"

"அக்கா எழுதினவ. நீங்கள் வரச்சொன்னதையும் நான் ஜூனிலைதான் எழுதினனான். அதுவரைக்கும் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

"அப்ப கனிசியஸ் வீட்டுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"இல்லை எண்டு சொல்லுங்கோ."

வலை ஊசியை எறிந்தார். என் மேல் எறியவில்லை, கடலுக்குள் எறிந்தார். நான் எழும்பிப் போகவில்லை. பிறகு வேறு ஊசி எடுத்துப் பொத்தத் தொடங்கினார். அதற்குப் பிறகு மூன்று கிழமை என்னோடு ஒரு சொல் இல்லை. அம்மா மூலமாகவும் இல்லை. குடிப்பது குறைந்தது என்று எழுத ஆசை. குறையவில்லை. ஆனால் குடித்துவிட்டு வருகிற நாளில் நான் ஹெட்போன் போடுவதில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னறையில் இருக்கிறேன். அவர் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறார்.

அம்மாவை வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறேன். இரண்டு பை அடுக்கியிருக்கிறா. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "பாப்பம்" என்றா. அடுக்குவதை அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சமையல் நானும் அவரும்தான் இனி. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், குழம்பு தெரியாது. அவருக்குத் தெரியுமாம், அம்மா சொல்கிறா. இருபத்தெட்டு வருசத்தில் ஒருநாளும் காட்டவில்லை.

நேற்றுப் பின்னேரம் அப்பா கால் கழுவிவிட்டு வந்து என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"உந்த மாஸ்ரர் வீட்டிலை, அவள் இருக்கிற அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கோ?"

தெரியாது என்றேன்.

"கேட்டு எழுது."

"நீங்களே கேளுங்கோவன் அப்பா. விலாசம் தாறன்."

"எனக்கு எழுத்து வராது" என்றார். அது பொய், மீனவர் சங்கக் கூட்டக் குறிப்பு முழுக்க அவர்தான் எழுதுகிறார். நான் விலாசத்தை ஒரு துண்டில் எழுதி முன்னறை மேசையில் வைத்தேன். இன்று காலை பார்த்தேன். துண்டு அங்கே இல்லை.

கடிதம் வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம். வந்தால், பதிலை என்னிடம் சொல்லிவிட வேண்டாம் அக்கா. அவருடைய பேருக்கே எழுதுங்கள்.

அன்புத் தம்பி,
ஜஸ்ரின்